விசுவாசி விழலாம், விழுந்தே கிடக்கலாமா? ஹைதராபாத்தில் கிடைக்கும் ஆச்சரியமான பதில்கள் தெரியுமா?

ஹைதராபாத்தில் கோல்கொண்டா கிராஸ் ரோட்ஸ் என்று ஓர் இடம் உண்டு. பெயரை நம்பிப் போனால் கோட்டை அங்கே இருக்காது! கோட்டை நகரத்தின் மேற்குப் பக்கம்; இந்த நாற்சந்தியோ முஷீராபாத்தில். கோட்டை இல்லாத அந்தக் கோல்கொண்டாவில் வேறோர் அரண் இருப்பது தெரியுமா? அதன் பெயர் ஹெப்ரோன். பக்த் சிங் என்ற பஞ்சாபிக்காரர் பல பத்தாண்டுகள் இருந்து ஊழியம் செய்த சபை வளாகம் அது.

வேதத்தில் ஹெப்ரோன் எப்பேர்ப்பட்ட ஊர் தெரியுமா? ஆபிரகாமும் சாராளும் அடக்கம் செய்யப்பட்ட ஊர், தாவீது முதன்முதலில் அரசாண்ட ஊர் என்பது ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கே தெரியும். யோசுவா புத்தகத்தின் 20-ம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். இஸ்ரவேல் தேசம் முழுவதற்கும் ஆறே ஆறு அடைக்கலப் பட்டணங்கள். அவற்றில் ஒன்று ஹெப்ரோன்! மரம் வெட்டும்போது கோடரி காம்பைவிட்டுக் கழன்று பக்கத்தில் நின்றவன்மேல் பட்டு அவன் செத்துப்போனால், வெட்டியவன் ஓடிவந்து இங்கே உயிர் பிழைக்கலாம். பகை வைத்து, பதுங்கியிருந்து கொன்றவன் ஓடிவந்தால்? ஊர்ப் பெரியவர்கள் அவனைப் பிடித்துக் கொடுத்துவிட வேண்டும். உபாகமம் 19-ல் இந்தச் சட்டம் அவ்வளவு தெளிவாக இருக்கிறது. தவறி நேர்ந்தது ஒன்று, திட்டம் போட்டுச் செய்தது வேறொன்று!

இரண்டாயிரம் ஆண்டுகளாகச் சபை கேட்டுக்கொண்டிருக்கும் ஒரு பெரிய கேள்விக்கு இந்த ஒரு வேறுபாடு எவ்வளவு தூரம் வழிகாட்டுகிறது என்று பார்த்தால் மலைத்துப்போவீர்கள். இரட்சிக்கப்பட்ட ஒருவர், ஞானஸ்நானம் பெற்று இராப்போஜனப் பந்தியில் உட்காரும் ஒருவர், தொடர்ந்து பாவம் செய்யலாமா? செய்தால் அவர் விசுவாசிதானா? ஆராதனை முடிந்து வாசலில் செருப்பு மாட்டும் நேரத்தில் இளைஞர்கள் தயங்கித் தயங்கிக் கேட்கும் கேள்வி இது. பெரியவர்கள் கேட்பதில்லை, படுக்கையில் புரண்டபடி தமக்குள் கேட்டுக்கொள்கிறார்கள்.

பக்த் சிங்கின் கதையிலிருந்தே தொடங்கலாம். பைபிளைக் கிழித்துப் போட்டவர் அவர் என்பது தெரியுமா? 1903-ல் சீக்கியக் குடும்பத்தில் பிறந்தார். மிஷன் பள்ளியில் படித்தபோது பரிசாகக் கிடைத்த பைபிளின் தாள்களைக் கிழித்து எறிந்துவிட்டு, அழகாக இருந்த தோல் அட்டையை மட்டும் வைத்துக்கொண்டவர்! 1926-ல் பொறியியல் படிக்க லண்டன் போனார். பிறகு கனடாவின் வின்னிபெக் நகரில் விவசாயப் பொறியியல். அங்கே 1929 டிசம்பரில் நண்பரிடம் ஒரு புதிய ஏற்பாட்டைக் கேட்டு வாங்கிப் படிக்க உட்கார்ந்தார். அவரை நிறுத்திய இடம் எது தெரியுமா? யோவான் 3-ம் அதிகாரத்தின் 3-ம் வசனம். மறுபடியும் பிறக்காவிட்டால் தேவனுடைய ராஜ்யத்தைக் காண முடியாது என்று நிக்கொதேமுவிடம் இயேசு சொன்ன இடம். 1932-ல் வான்கூவரில் ஞானஸ்நானம், 1933-ல் இந்தியா. நம் சென்னைக்கும் இதில் பங்கு உண்டு: 1941-ல் பல்லாவரம் மலையில் இரவு முழுக்க ஜெபித்த பிறகுதான் சென்னையில் 'யெகோவா ஷம்மா' என்ற முதல் சபை தொடங்கியது. ஹைதராபாத் ஹெப்ரோன் அதற்குப் பின்னால் வந்தது. 2000 செப்டம்பர் 17 அன்று, 97 வயதில், ஹைதராபாத்திலேயே அவர் காலமானார். நாராயணகுடா கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள்.

ஒரு புதுப்பிறப்பு வசனம் ஒரு மனிதனை அப்படிப் புரட்டிப்போட்டது. ஆனால் அதே யோவானின் பெயரில் இருக்கும் முதல் நிருபத்தில், அதே 'பிறப்பு' பற்றிய இன்னொரு வசனம் எத்தனை விசுவாசிகளின் தூக்கத்தைக் கெடுத்திருக்கிறது தெரியுமா? 1 யோவான் 3:9. தேவனால் பிறந்தவன் பாவம் செய்வதில்லை, அவனால் செய்யவும் முடியாது என்கிறது! இரண்டு அதிகாரம் முன்னால் போங்கள். 1:8-ல் அதே யோவான், நம்மிடம் பாவமே இல்லை என்று சொன்னால் நம்மை நாமே ஏமாற்றிக்கொள்கிறோம் என்கிறார். ஒரே கை, ஒரே மை, 105 வசனம் மட்டுமே உள்ள ஒரு சின்னக் கடிதம். பாவம் இல்லை என்றால் பொய்யன். பாவம் செய்தால் தேவனால் பிறந்தவன் இல்லை. அப்படியானால் நாம் எங்கே நிற்பது?

இங்கேதான் கிரேக்க மொழி கைகொடுக்கிறது. 2:1-ல் ஒருவன் பாவம் செய்துவிட்டால் என்று யோவான் சொல்லும்போது, நடந்து முடிந்த ஒரு செயலைக் காட்டும் வினைவடிவத்தைப் பயன்படுத்துகிறார். 3:9-ல் இருப்பதோ தொடர்ந்து நடப்பதைக் காட்டும் வடிவம். முன்னது சறுக்கி விழுவது. பின்னது அதையே பிழைப்பாக வைத்துக்கொள்வது.

இதைப் புரிந்துகொள்ளத் தமிழனுக்குக் கிரேக்கம் கூடத் தேவையில்லை என்பது தெரியுமா? நம் மொழியில் எதிர்கால வினை வெறும் நாளையைச் சொல்வதில்லை. 'தாத்தா விடிகாலை நாலு மணிக்கே எழுந்துவிடுவார்' என்றால் அது நாளைய செய்தியா? அவருடைய வழக்கம்! 'புலி பசித்தாலும் புல்லைத் தின்னாது' என்கிறோம். எந்தப் புலியும் எந்த நாளும் ஒரு புல்லைக்கூடக் கடித்ததில்லை என்று யாரும் சத்தியம் செய்யவில்லை. புல் அதன் இரை இல்லை, அவ்வளவுதான். பழைய தமிழ் வேதாகமத்தில் 3:6-ல் வரும் 'செய்கிறதில்லை', 3:9-ல் வரும் 'செய்யான்' என்ற இரு வினைகளையும் இந்தக் காதோடு கேட்டுப் பாருங்கள். பாவம் அவனுடைய இரை இல்லை, அது அவன் பிறப்பின் குணம் இல்லை என்று யோவான் சொல்வது நம் மொழிக்குள் அத்தனை இயல்பாக உட்கார்ந்துவிடுகிறது!

இந்த இலக்கணத்தை மட்டும் வைத்து முழு வீட்டையும் கட்டிவிடக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 5:16-ல் பாவம் செய்யும் ஒரு சகோதரனைப் பற்றிப் பேசும்போதும் யோவான் தொடர்வினையையே போடுகிறார். அவனைச் சகோதரன் என்றே அழைக்கிறார். அவனுக்காக வேண்டிக்கொள்ளுங்கள், தேவன் அவனுக்கு ஜீவன் தருவார் என்கிறார். இலக்கணம் வழிகாட்டி. கடிதம் முழுவதையும் படித்தால்தான் ஊர் போய்ச் சேரலாம்.

சரி, பாவம் என்பதற்கான அந்தக் கிரேக்கச் சொல் என்ன தெரியுமா? ஹமார்த்தியா. குறி தவறுதல்! எபிரேயத்திலும் அதே கதைதான். நியாயாதிபதிகள் 20:16-ல் பென்யமீன் கோத்திரத்து இடக்கை வீரர்கள் 700 பேர் வருகிறார்கள். ஒரு மயிரிழைக்கும் குறி தப்பாமல் கவண்கல் எறிவார்கள். அங்கே 'தப்பாமல்' என்பதற்கு வரும் வினை, மற்ற இடங்களில் பாவம் செய்தலைக் குறிக்கும் அதே வினை! குறி தவறுவதற்கும் குறியைப் பார்க்காமலே முதுகு காட்டி நிற்பதற்கும் இடையில் எவ்வளவு தூரம் இருக்கிறது!

அந்த முதுகு காட்டுதலுக்கும் வேதத்தில் பெயர் உண்டு. எண்ணாகமம் 15-ல் அறியாமல் செய்த பாவத்துக்குப் பலி உண்டு. துணிந்து செய்த பாவத்துக்கு எபிரேய மூலத்தில் இருக்கும் சொற்றொடர், 'ஓங்கிய கையோடு' செய்தது என்பது. ஆண்டவருக்கு எதிராகவே கை ஓங்குவது! அதற்கு அந்த அதிகாரத்தில் பலி சொல்லப்படவே இல்லை. இப்போது ஹெப்ரோனின் வாசல் நினைவுக்கு வருகிறதா?

பவுல் இந்தக் கேள்வியைக் கேட்டு எப்படிக் கொதித்தார் தெரியுமா? கிருபை பெருகட்டும் என்று நாம் பாவத்திலேயே நிலைத்திருக்கலாமா என்று ரோமர் 6:1-ல் அவரே கேட்கிறார். அடுத்த வசனம் தொடங்குவதே 'மே கெனோய்ட்டோ' என்றுதான். அப்படி ஆகவே கூடாது, ஒருக்காலும் இல்லை என்று ஓங்கி அடிக்கும் கிரேக்க வழக்கு அது. பவுலின் கடிதங்களில் இது 14 முறை வருகிறது. அதில் 10 முறை ரோமரில் மட்டும்! 'கிருபைதான் இருக்கிறதே' என்று தோளைக் குலுக்கும் மனிதர் பவுலின் காலத்திலேயே இருந்திருக்கிறார்கள். பதிலும் அப்போதே எழுதப்பட்டுவிட்டது.

அதே அதிகாரத்தின் கடைசி வசனத்தில் இன்னொரு புதையல். பாவத்தின் சம்பளம் மரணம் என்று நாம் மனப்பாடமாகச் சொல்கிறோமே, அந்தச் 'சம்பளம்' யாருக்குக் கொடுப்பது தெரியுமா? படைவீரனுக்கு! ஒப்சோனியா என்ற அந்தச் சொல், சிப்பாய்க்குக் கொடுக்கும் படியையும் ஊதியத்தையும் குறிப்பது. யோவான் ஸ்நானனிடம் வந்த சிப்பாய்களிடம் உங்கள் சம்பளம் போதும் என்றிருங்கள் என்று லூக்கா 3:14-ல் சொல்லப்படும் இடத்திலும் அதே சொல்தான். ஹைதராபாத்தின் இரட்டை நகரமான சிகந்தராபாத்தில் நின்று இதை யோசித்தால் சிலிர்க்கும். 1806-ல் நிஜாம் சிக்கந்தர் ஜாவின் பெயரால் எழுந்த பாளைய ஊர் அது. மதராஸ் ராணுவத்தோடு தமிழர்கள் வந்து குடியேறிய ஊர். யாருடைய சம்பளத்தை வாங்குகிறாயோ அவனுடைய சிப்பாய் நீ என்பதை கண்டோன்மென்ட்காரர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. ஒருநாள் தவறி எதிரி முகாமுக்குள் நுழைந்துவிடுவது வேறு. மாதாமாதம் அங்கே போய் கையெழுத்துப் போட்டுச் சம்பளம் வாங்குவது வேறு!

ஆனால் ரோமர் 7? விரும்புவதைச் செய்யாமல் வெறுப்பதையே செய்கிறேன், என்ன நிர்ப்பந்தமான மனிதன் நான் என்று ஒரு குரல் கதறுகிறதே, அது யாருடையது? விசுவாசியா, விசுவாசத்துக்கு வருமுன் இருந்த மனிதனா? பண்டைய சபையின் மேதை அகுஸ்தீன் இதில் தன் கருத்தையே மாற்றிக்கொண்டார் என்பது தெரியுமா? முதலில் அது கிருபைக்கு வெளியே இருப்பவனின் குரல் என்றார். வயது ஏறியபின், அது பவுலின் குரல்தான், விசுவாசியின் குரல்தான் என்றார். அவ்வளவு பெரிய மேதையே திரும்பி யோசித்த இடத்தில் நாம் ஒருவரையொருவர் அவசரப்பட்டுத் தள்ளிவைக்கலாமா?

இப்போது பாதம். ஆம், பாதம்! யோவான் 13-ல் இயேசு சீஷர்களின் கால்களைக் கழுவும்போது பேதுரு முதலில் வேண்டாம் என்கிறார். பிறகு கையையும் தலையையும் சேர்த்துக் கழுவச் சொல்கிறார். குளித்தவனுக்குக் கால் கழுவினால் போதும் என்று இயேசு பதில் சொல்கிறார். அங்கே இரண்டு வெவ்வேறு வினைகள் இருப்பது தெரியுமா? முழு உடலும் குளிப்பதற்கு 'லூவோ', கைகால் கழுவுவதற்கு 'நிப்தோ'. ஏப்ரல், மே வெயிலில் செருப்போடு ஹைதராபாத் வீதியில் நடந்து வீடு திரும்பியவருக்கு இதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது. காலையில் குளித்தது குளித்ததுதான். காலில் புழுதி படிந்துவிட்டதால் குளிக்காதவன் ஆகிவிட மாட்டான். அதற்காக 'நான்தான் குளித்தவனாயிற்றே' என்று புழுதிக் காலோடு பாயில் ஏறிப் படுப்பவனை அம்மா விடுவாளா? தினமும் கழுவ வேண்டும்! இயேசு கற்றுக்கொடுத்த ஜெபத்திலேயே அன்றன்றைய அப்பத்துக்கு அடுத்த வரி மன்னிப்புக்கானது என்பதைக் கவனித்தீர்களா? பசி தினமும் வருவதுபோல அதுவும் தினமும் வரும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

அந்தப் பேதுருவைப் பற்றி இன்னும் ஒன்று. இதைப் படித்த நாளில் நான் நெடுநேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். 'அந்த்ராக்கியா' என்றொரு கிரேக்கச் சொல்; கரிநெருப்பு என்று பொருள். புதிய ஏற்பாட்டில் அது இரண்டே இரண்டு இடங்களில்தான் வருகிறது. ஒன்று யோவான் 18:18. பிரதான ஆசாரியனின் முற்றத்தில், குளிர்காய்ந்துகொண்டே பேதுரு ஆண்டவரை மறுதலித்த நெருப்பு. இன்னொன்று யோவான் 21:9. உயிர்த்தெழுந்த இயேசு கடற்கரையில் மீன் சுட்டுக் காத்திருந்த நெருப்பு! மூன்று முறை மறுதலித்தவனிடம், அதே கரிநெருப்பின் வாசனையில், மூன்று முறை 'என்னை நேசிக்கிறாயா' என்ற கேள்வி. திட்டு இல்லை. சாப்பாடு இருக்கிறது, பழைய காயத்தைத் தொடும் கேள்வி இருக்கிறது, ஆடுகளை மேய்க்கும் வேலையும் திரும்பக் கிடைக்கிறது. அந்தப் பேதுருவும் பிற்பாடு அந்தியோகியாவில் மனிதருக்குப் பயந்து மறுபடி தடுமாறினார். பவுல் அவரை முகத்துக்கு நேரே கண்டித்ததைக் கலாத்தியர் 2-ல் படிக்கலாம். பெந்தெகொஸ்தே நாளில் பிரசங்கித்த அப்போஸ்தலருக்கே இப்படி!

சபை வரலாற்றுக்குள் நுழைந்தால் மூச்சு வாங்குகிறது. ரோமப் பேரரசன் கான்ஸ்டன்டைன் கிறிஸ்தவத்தை ஆதரித்து ஏறக்குறைய கால் நூற்றாண்டு கழித்து, 337-ல், மரணப் படுக்கையில்தான் ஞானஸ்நானம் பெற்றார் என்பது தெரியுமா? ஞானஸ்நானத்துக்குப் பின் செய்யும் பாவத்துக்கு என்ன கதி என்ற அச்சத்தில் அந்தக் காலத்தில் பலர் அப்படித் தள்ளிப்போட்டார்கள். அவர் கூட்டிய 325-ம் ஆண்டு நிசேயா சங்கம், வற்புறுத்தல் எதுவும் இல்லாமலே விசுவாசத்தை மறுதலித்தவர்கள் திரும்பி வர எத்தனை ஆண்டு விதித்தது தெரியுமா? மூன்று ஆண்டு வசனம் கேட்பவர்களோடு, ஏழு ஆண்டு முழங்காலில் விழுந்து மன்றாடுபவர்களோடு, இன்னும் இரண்டு ஆண்டு பந்தியில் பங்கில்லாமல் ஜெபத்தில் மட்டும். மொத்தம் 12 ஆண்டு! கடுமைதான். ஆனால் கதவு மூடப்படவில்லை. கதவையே மூடிவிட வேண்டும் என்றவர்கள் நொவாத்தியர் கூட்டத்தார். எபிரேயர் 6-ஐக் காட்டி அப்படி வாதாடினார்கள். அவர்களுடைய ஆயர் ஒருவரிடம் கான்ஸ்டன்டைன், அப்படியானால் ஓர் ஏணியை வைத்து நீர் மட்டும் தனியாகப் பரலோகத்துக்கு ஏறிக்கொள்ளும் என்று சொன்னதாக ஐந்தாம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் சாக்ரட்டீஸ் எழுதி வைத்திருக்கிறார்!

அந்த எபிரேயர் 6-ஐப் பற்றி நடுங்குபவர்களிடம் ஒரு வார்த்தை. ஒளியைப் பெற்று, பரம ஈவை ருசித்து, பிறகு விலகிப்போனவர்களைப் பற்றி அது பேசுகிறது. தேவகுமாரனை மறுபடியும் சிலுவையில் அறைந்து வெளிப்படையாக அவமானப்படுத்துகிறவர்கள் அவர்கள். அதே நிருபத்தின் 10:26-ல் வருகிறவர்கள், உண்மையை அறிந்தபிறகும் வேண்டுமென்றே பாவம் செய்துகொண்டே இருப்பவர்கள். ஓங்கிய கை! ராத்திரியெல்லாம் அழுது 'நான் விலகிவிட்டேனோ' என்று கேட்பவரின் கை ஓங்கிய கையா? அது நெஞ்சில் அடித்துக்கொள்ளும் கை. அதே 6-ம் அதிகாரத்தின் 18-ம் வசனத்தை ஏன் படிக்காமல் விடுகிறோம்? அடைக்கலம் தேடி ஓடிவந்தவர்களுக்கு உறுதியான ஆறுதல் உண்டு என்கிறது அது. அடைக்கலப் பட்டணத்தின் மொழி! அந்தப் பட்டணத்துக்குள் ஓடிவந்தவன் எப்போது விடுதலையாகி வீடு திரும்பலாம் தெரியுமா? பிரதான ஆசாரியன் மரித்த பிறகு. எபிரேயர் நிருபமோ நம் பிரதான ஆசாரியர் மரித்தே ஆயிற்று, உயிரோடு பரிந்து பேசிக்கொண்டும் இருக்கிறார் என்கிறது. இதைச் சேர்த்துப் பார்த்தால் மெய் சிலிர்க்கவில்லையா?

மறுபடி ஹைதராபாத்துக்கு வருவோம். இந்த ஒரு கேள்விக்கு இரட்டை நகரத்துக்குள்ளேயே எத்தனை பதில்கள் ஆலயங்களாக நிற்கின்றன தெரியுமா? சிகந்தராபாத் செயின்ட் மேரிஸ் ஆலயம் கத்தோலிக்கருடையது. 2008-ல் பசிலிக்கா ஆனது. அங்கே பாவத்துக்கு இரண்டு தரம் உண்டு. தமிழ்க் கத்தோலிக்க முதியவர்கள் சாவான பாவம், அற்பப் பாவம் என்று அழகாகச் சொல்வார்கள். 1 யோவான் 5:16-ல் வரும் மரணத்துக்கு ஏதுவான பாவம் என்ற சொல்லில் வேர்விட்ட வழக்கு அது. ஆண்டுக்கு ஒருமுறையாவது பாவசங்கீர்த்தனம் செய்தாக வேண்டும் என்பது 1215-ம் ஆண்டு லாத்தரன் சங்கத்தின் கட்டளை. 800 ஆண்டுக்கு மேல் ஆகிறது!

1875-ல் தொடங்கிய சிகந்தராபாத் சென்டினரி பாப்டிஸ்ட் சபை வேறொரு மரபு. மெய்யாகவே மறுபடி பிறந்தவனைத் தேவன் கடைசிவரை கைவிடமாட்டார் என்று பாப்டிஸ்ட் சபைகளில் பெரும்பாலானவை நம்புகின்றன. வெஸ்லி மரபுக்காரர்களான மெதடிஸ்டுகளோ, விசுவாசி தன் விசுவாசத்தை விட்டு வழுவிப்போகவும் முடியும், இதே வாழ்க்கையில் அன்பில் பூரணமாகவும் முடியும் என்று இரண்டையும் சொல்வார்கள்.

பூரணத்தைப் போதித்த அந்த ஜான் வெஸ்லி, தன் சிறு குழுக்களில் வாரந்தோறும் கேட்கச் சொன்ன முதல் கேள்வி எது தெரியுமா? போன கூட்டத்துக்குப் பிறகு உனக்குத் தெரிந்தே என்னென்ன பாவம் செய்தாய்! அந்த விதிகள் எழுதப்பட்ட நாள் 1738 டிசம்பர் 25. வெஸ்லியன் மிஷனரி சார்லஸ் வாக்கர் பாஸ்நெட், பஞ்சத்தில் வாடிய மக்களுக்கு வேலையும் சோறும் கொடுத்து எழுப்பிய மெதக் பேராலயம் ஹைதராபாத்திலிருந்து சுமார் 100 கிலோமீட்டர். அது பிரதிஷ்டை செய்யப்பட்டது 1924 டிசம்பர் 25! பூரணத்தை நம்பியவர்கள்தான் பாவத்தை வாராவாரம் பெயர் சொல்லி அறிக்கையிட்டார்கள். கிறிஸ்துவைப் போல ஆகிவிட வேண்டும் என்ற ஏக்கம் எவ்வளவு கூர்மையோ, தன் அழுக்கைப் பார்க்கும் கண்ணும் அவ்வளவு கூர்மை.

இந்த மரபுகளில் சிலவற்றையாவது ஒரே பந்தியில் உட்காரவைக்கப் பாடுபட்டவர் ஒரு தமிழர், அதுவும் நிஜாம் ராஜ்யத்தில் ஆயராக இருந்தவர் என்பது தெரியுமா? வெள்ளாளன்விளையில் 1874-ல் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா. 1912-ல் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்திய ஆயரானார். அவருடைய திருமண்டலம் தோர்ணக்கல், அன்றைய ஹைதராபாத் ராஜ்யம். 1919-ல் தரங்கம்பாடியில் தொடங்கிய ஐக்கியப் பேச்சில் முன்னின்றார். 1945 ஜனவரி 1 அன்று காலமானார். தென்னிந்தியத் திருச்சபை பிறந்ததோ 1947 செப்டம்பர் 27. அதைக் கண்ணால் பார்க்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. விசுவாசி விழுந்து கெட்டுப்போகலாம் என்ற மெதடிஸ்டுகளும், தெரிந்துகொள்ளப்பட்டவர் கடைசிவரை நிலைப்பார் என்ற பிரஸ்பிட்டேரியன் மரபினரும், ஆங்கிலிக்கரும் ஒரே சபை ஆனார்கள். வாதம் தீர்ந்துவிடவில்லை. ஆனால் இன்றும் சி.எஸ்.ஐ. ஆலயத்தில் திருவிருந்துக்கு முன் ஆயர் முதல் கடைசி வரிசைப் பாட்டிவரை ஒரே குரலில் பாவ அறிக்கை சொல்கிறார்கள். 'விசுவாசிக்கு இது எதற்கு' என்று அங்கே யாரும் எழுந்து கேட்பதில்லை!

திரும்பி வருதலுக்கு இந்த நகரத்தில் மூன்று மொழியில் மூன்று சொல் புழங்குவதைக் கேட்டிருக்கிறீர்களா? தெலுங்கு வேதாகமத்தில் 'மாருமனஸ்ஸு', மாறிய மனம். கிரேக்க 'மெட்டனோயா'வும் மனமாற்றம்தான். உருது வேதாகமத்தில் 'தௌபா'. சார்மினார் பக்கத்து இரானி டீக்கடையில்கூட நாளுக்கு நூறுமுறை காதில் விழும் சொல்! அதன் அரபி வேர், திரும்பு என்று பொருள்படும் எபிரேய 'ஷூவ்' என்ற வினைக்கு உடன்பிறப்பு. தீர்க்கதரிசிகள் தொண்டை கிழியக் கூவியது அந்த வினையைத்தான். இப்போது நம் தமிழ்ச் சொல்லைப் பாருங்கள்: மனந்திரும்புதல். கிரேக்கத்தின் மனமும் இருக்கிறது, எபிரேயத்தின் திரும்புதலும் இருக்கிறது. ஒரே சொல்லில் இரண்டும்!

இன்னும் ஒரே ஒரு சொல். பரிசுத்த ஆவியானவரைக் குறிக்க யோவான் சுவிசேஷத்தில் 'பராக்லேத்தோஸ்' நான்கு முறை வருகிறது. புதிய ஏற்பாட்டில் ஐந்தாவது முறையும் கடைசி முறையுமாக அது எங்கே வருகிறது தெரியுமா? 1 யோவான் 2:1-ல், இயேசுவுக்கு. ஒருவன் பாவம் செய்துவிட்டால் பிதாவிடம் நமக்காகப் பரிந்து பேசுபவர் அவர் என்ற இடத்தில். யோவான் அங்கே 'உங்களுக்கு' என்று எழுதவில்லை. 'நமக்கு' என்று தன்னையும் சேர்த்துக்கொள்கிறார். இயேசுவின் மார்பில் சாய்ந்த சீஷன் என்று சபை கொண்டாடும் யோவான்!

ஆகவே வேதம் தரும் தீர்ப்பு எனக்குத் தெளிவாகவே தெரிகிறது. விசுவாசி விழக்கூடும்; நீதிமான் ஏழுமுறை விழுந்தாலும் எழுவான் என்று நீதிமொழிகள் 24:16 சொல்கிறது. பாவத்தில் குடித்தனம் நடத்த விசுவாசிக்கு அனுமதி இல்லை. ரோமர் 6 அதை அடித்துச் சொல்கிறது. குடித்தனம் நடத்திக்கொண்டே நெஞ்சு உறுத்தாமல் இருப்பவர், தான் தேவனால் பிறந்தவர்தானா என்பதையே மறுபடி கேட்டுப் பார்க்க வேண்டும். 1 யோவான் 3 எழுதப்பட்டது அதற்குத்தான்.

கொரிந்து சபையில் தகப்பனுடைய மனைவியையே வைத்திருந்த ஒருவனைப் புறம்பாக்கச் சொன்ன அதே பவுல், இரண்டாம் நிருபத்தின் 2-ம் அதிகாரத்தில், தண்டிக்கப்பட்ட ஒருவனுக்கு அது போதும், அவன் துக்கத்தில் அமிழ்ந்துபோகாதபடி மன்னித்து ஆறுதல் சொல்லுங்கள் என்று எழுதினார். இருவரும் ஒரே ஆள்தான் என்று கருதுவோர் பலர். உங்கள் சபையிலும் அப்படி ஒருவர் இருப்பார். எங்கோ சறுக்கி, வெட்கப்பட்டு, சில மாதங்களாகப் பந்திக்கு வராமல் இருப்பார். அவருடைய நாற்காலி எது என்று உங்களுக்குத் தெரியும். இந்த வாரமே அவர் வீட்டுக் கதவைத் தட்டுங்கள். 1 யோவானை எடுத்துப் போங்கள். ஐந்தே அதிகாரம்தான், இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து சத்தமாகப் படித்துவிடலாம்.